மைக்கக்காவும் ஒன்பது துண்டுச் சொல்லும்

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் கீழ்த்தளத்தில், லிஃப்டுக்கும் டோக்கன் ஜன்னலுக்கும் நடுவே, கண்ணாடி போட்ட சின்ன அறை ஒன்று. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு மேசை, மேசைமேல் கழுத்து வளைந்த ஒரு மைக். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளை டாக்டர் முதல் தரை துடைப்பவர் வரை எல்லாரும் மைக்கக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றார்கள். அதிலும் அவளுக்கு ஒரு சந்தேகம் உண்டு. மரியாதையா, வயதைக் குத்திக்காட்டுகிறார்களா என்று.

சந்தேகம் அவளோடு கூடப் பிறந்தது. கதவைத் தட்டினால் யார் என்று கேட்கமாட்டாள், எதற்கு என்று கேட்பாள். யாராவது வாய்விட்டு “நல்லா இருக்கீங்களா?” என்றால், “ஏன், யார் என்ன சொன்னாங்க?” என்பாள். இப்படி ஒருத்தியோடு எப்படிக் குடித்தனம் நடத்துகிறாய் என்று அவள் புருஷனைக் கேட்டவர்கள் உண்டு. அவர் சிரிப்பார். “வீட்டுக்குத் தனியா நாய் வளர்க்க வேண்டியதில்லை பாருங்க” என்பார். அவள் காதில் விழும்படிதான் சொல்வார், மனுஷனுக்குத் துணிச்சல் அதிகம்.

ஆனால் மைக் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவள் வேறு ஆள். மணியொலி விட்டு, டோக்கன் எண்ணைச் சொல்லி, போக வேண்டிய பிரிவின் பெயரைச் சொல்வாள். ஒரு முறை சொல்லிவிட்டு, மூச்சு விட்டு, மறுபடியும் ஒரு முறை. அவசரம் இருக்காது, அதட்டல் இருக்காது. வலியோடு காத்திருக்கிறவன்கூட அந்தக் குரல் கேட்டால் சற்று நிமிர்ந்து உட்காருவான். அவளுக்கு எரிச்சல் வருவது ஒரே இடத்தில்தான். முதல் தடவை கூப்பிட்டபோதே எழுந்திருக்காமல், இரண்டாம் தடவைக்காக உட்கார்ந்திருக்கிறவர்களைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். “காது என்ன வாடகைக்கா விட்டிருக்கு?” என்று முணுமுணுப்பாள், மைக்கை அணைத்துவிட்டுத்தான்.

அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு சொல். முன்னெல்லாம் ‘காது மூக்கு தொண்டைப் பிரிவு’ என்றுதான் பலகை இருந்தது. யாருக்கும் தொந்தரவில்லை. ஒருநாள் எவருக்கு என்ன தோன்றியதோ, பழைய பலகையைக் கழற்றிவிட்டு, சுவரின் பாதியை அடைக்கிற மாதிரி புதுப் பலகை மாட்டினார்கள்: ஓட்டோரைனோலாரிங்காலஜி. நோயே தேவலை, பெயர் கொன்றுவிடும் போலிருந்தது. அப்போது மைக்கில் இருந்தவர், நல்ல மனுஷர், முதல் நாளே ‘ஓட்டோரை’ வரை போய் அங்கேயே நின்றுவிட்டார். கூடத்தில் சிரிப்பு. ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தவர், எனக்கு இந்த வம்பு வேண்டாம் என்று விடுப்பில் போய்விட்டார். டோக்கன் ஜன்னலில் இருந்த இவளைத் தற்காலிகமாக உட்காரவைத்தார்கள்.

வீட்டுக்கு வந்தவள் காய் நறுக்கும் பலகையை எடுத்தாள். அந்தச் சொல்லை ஒரே வாயில் விழுங்கப் பார்த்ததுதான் எல்லாரும் செய்த தப்பு என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு வெட்டுக்கு ஒரு துண்டு: ஓ, டோ, ரை, னோ, லா, ரிங், கா, ல, ஜி. ஒன்பது துண்டு. கேரட் தீர்ந்தது, சொல் தீரவில்லை. மறுநாள் அந்தப் பிரிவின் நர்ஸைப் பிடித்துக்கொண்டு, எதுக்கு என்ன அர்த்தம் என்று துருவினாள். ஓட்டோ என்றால் காது. ரைனோ என்றால் மூக்கு. லாரிங்கோ என்பது தொண்டையில் குரல் வரும் இடம். கடைசியில் இருக்கிற லஜி என்பது படிப்பு. காது, மூக்கு, தொண்டை, படிப்பு, அவ்வளவுதான். பழைய பலகையில் இருந்ததையே வேட்டி மாற்றிக் கூட்டி வந்திருக்கிறார்கள்.

புருஷனுக்கு ஒரே ஆனந்தம். “ரைனோன்னா காண்டாமிருகம் இல்ல? மூக்கு டாக்டர்கிட்ட அதுக்கு என்ன வேலை?” என்றார். அதற்கும் அவள் விசாரித்து வைத்திருந்தாள். மூக்கின்மேல் கொம்பு இருப்பதால்தான் அந்த மிருகத்துக்கே அந்தப் பெயர். அதைச் சொன்னதும், “அப்ப உனக்கும் அந்தப் பேர் வைக்கலாம், மூக்கு மேல எப்பவும் கோபம்” என்றவருக்கு அன்று காப்பி கிடைக்கவில்லை.

துண்டு தெரிந்தால் மட்டும் போதாது, சேர்க்கத் தெரிய வேண்டும். அதுதான் அவள் தொழிலின் சூட்சுமம். முதலில் ஒன்பதையும் ஒரே அழுத்தத்தில் சொல்லிப் பார்த்தாள். படிக்கட்டில் தகரம் உருளுகிற மாதிரி இருந்தது. பிறகுதான் பிடிபட்டது. அந்த ‘லஜி’ வால் வந்து ஒட்டிக்கொண்டால், பலமெல்லாம் அதற்கு முந்தின துண்டுக்கு ஓடிவிடும். கார்டியாலஜியா, நியூராலஜியா, எல்லாவற்றிலும் அதே கதை. ஆகவே ‘கா’வில் குரலை ஊன்ற வேண்டும். அதுவரை வருகிற துண்டுகளில் குரல் கீழே விழவே கூடாது. இன்னும் வருகிறது, இன்னும் வருகிறது என்று தூக்கிப் பிடித்தே போய், கடைசி ‘ஜி’யில் மட்டும் இறக்கிவைக்க வேண்டும். குரல் இறங்கினால்தான், சொல்லி முடித்துவிட்டாள், எழுந்து போகலாம் என்று கேட்கிறவருக்குப் புரியும். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவளும் யாரிடமும் சொல்லவில்லை.

தற்காலிக நாற்காலி நிரந்தரமானது. டோக்கன் ஜன்னலில் அவளிடத்தில் புருஷனின் தங்கை வந்து உட்கார்ந்தாள். புருஷன் அதே ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டினார். ஒரே குடும்பம் கீழ்த்தளத்தையே வளைத்துப் போட்டுவிட்டது என்று பொறாமைப்பட்டவர்களும் இருந்தார்கள்.

அந்த லிஃப்டில்தான் அவளுக்கு முதல் சூடு. புது லிஃப்ட் வரப்போகிறது, எந்த மாடியில் கூட்டம் அதிகம், எங்கே எவ்வளவு நேரம் கதவு திறந்திருக்க வேண்டும் என்றெல்லாம் அவரை அன்பாகக் கேட்டார்கள். அவரும் வெள்ளந்தியாக எல்லாவற்றையும் விளக்கினார். புது லிஃப்ட் வந்தது. தானே நின்றது, தானே திறந்தது. அவர் உட்கார்ந்திருந்த முக்காலியை மட்டும் காணோம். அவரை வண்டி நிறுத்துமிடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவருக்கென்ன, காற்றோட்டமாக இருக்கிறது என்று போய்விட்டார். அவள் மறக்கவில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகுமா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச காலமாகக் காலையில் எழுந்தால் அவள் குரல் கரகரத்தது. முதலில் சளி என்று நினைத்தாள். உப்பு வெந்நீரில் கொப்பளித்தாள், பிளாஸ்கில் சுடுதண்ணீர் கொண்டுபோனாள், மைக்கை வாய்க்கு இன்னும் பக்கத்தில் இழுத்துவைத்துக்கொண்டாள். மத்தியானத்துக்கு மேல் நீளமான பெயர்களில் மூச்சு தட்டியது. ஒரு சுவர் தாண்டினால் தொண்டை டாக்டர். தினமும் நூறு பேரை அங்கே அனுப்புகிறவள், தான் மட்டும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. போனால் விஷயம் வெளியே வரும், வந்தால் நாற்காலி போகும். நாற்காலி போனால் தான் யார்? டோக்கன் கிழிக்கிற ஒருத்தி. அந்தப் பயத்தை அவள் வெந்நீரோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் நிர்வாகி அம்மா கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். இத்தனை வருஷத்தில் அந்த அறையில் அவளுக்கு யாரும் டீ கொடுத்ததில்லை.

“உங்க குரலைப் பதிவு பண்ணி வைக்கலாம்னு இருக்கோம். நீங்க லீவு போட்டா, உடம்புக்கு முடியலன்னா உதவும் இல்லையா?” என்றார் நிர்வாகி அம்மா.

உடம்புக்கு முடியலன்னா! அந்த ஒரு வார்த்தை போதாதா? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தவளுக்கு மனசில் ஒரே கேள்விதான் ஓடியது. யார் போய்ச் சொன்னது?

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம்தான். எதிரே வந்த ஒவ்வொரு முகத்தையும் சோதித்தாள். பிளாஸ்கில் வெந்நீர் நிரப்பித் தருகிற கேன்டீன்காரரா? அன்று ஏன் “இன்னும் சூடா வேணுமா அக்கா” என்று கேட்டார்? தொண்டைப் பிரிவு நர்ஸா? கடைசியில் சந்தேகம் போய் நின்றது நாத்தனாரிடம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்கத் தன் குரலைக் கேட்கிறவள் அவள்தான். இந்த நாற்காலிமேல் ஆசை இல்லாமலா இருக்கும்? அன்று முதல் நாத்தனாரோடு பேச்சை நிறுத்தினாள். எதற்கு என்று அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணனிடம் போய் அழுதாள். அவர் இவளிடம் மெதுவாக, அவள் மேல் தப்பில்லை என்று மட்டும் சொன்னார். உங்க தங்கச்சியை நீங்க விட்டுக்கொடுப்பீங்களா என்று அவள் திருப்பிக்கொண்டாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு சாப்பாட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அதையும் அவள் கவனிக்காமல் இல்லை.

பதிவு செய்ய வந்தவர் கழுத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு திரிந்தார், அதனால் ஹெட்போன்காரர் என்றே ஆகிவிட்டது. பழைய எக்ஸ்ரே அறையில் சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டு ஏற்பாடு செய்திருந்தார். காலை நேரம், அவள் ராத்திரி முழுக்க வாய் திறக்காமல் தொண்டையைக் காப்பாற்றி வைத்திருந்தாள். சத்தத்தின் அளவு பார்க்க வேண்டும், எதையாவது ஒன்றை வழக்கமாகச் சொல்வதுபோலச் சொல்லுங்கள் என்றார் அவர். அவளுக்கு வாயில் வந்தது அந்தச் சொல்தான். ஓட்டோரைனோலாரிங்காலஜி. ‘கா’வில் ஊன்றி, ‘ஜி’யில் இறக்கிவைத்தாள். அன்று என்னவோ குரல் கண்ணாடி மாதிரி வந்தது. அவளுக்கே உள்ளுக்குள் பூரிப்பு.

“இதையே இப்ப துண்டு துண்டா சொல்லுங்க” என்றார்.

“எதுக்குத் துண்டு?”

அவர் பாவம், உற்சாகமாக விளக்கினார். ‘ஆலஜி’ என்ற வாலை ஒரு தடவை பதிந்துவிட்டால் அந்த ரகப் பெயர்களுக்கெல்லாம் அதையே ஒட்டிக்கொள்ளலாம். எண்களும் அப்படியே. நாளைக்குப் புதுப் பிரிவு வந்தால்கூட, இருக்கிற துண்டுகளை இயந்திரமே கோத்து அவள் குரலில் சொல்லிவிடும்.

“அப்ப என்னைக் கூப்பிடவே வேண்டாம்?”

“ஆமா, உங்களுக்கு எந்தச் சிரமமும் இல்ல” என்றார் அந்த மகா புத்திசாலி.

அவளுக்கு முக்காலி ஞாபகம் வந்தது. காய் நறுக்குகிற பலகையில் தான் வெட்டிப் பழகினதை வைத்தே தன் கழுத்தையும் வெட்டப் போகிறார்கள் என்று பட்டது. எழுந்து போய்விடலாம். போனால் நாளைக்கே வேறொருத்தி வந்து பேசிவிட்டுப் போவாள். உட்கார்ந்து யோசித்தவளுக்கு ஒரு வழி கிடைத்தது. கேட்டார்கள் இல்லையா, கொடுத்துவிடலாம்.

ஒவ்வொரு துண்டையும் சுத்தமாகத்தான் சொன்னாள். ஆனால் ஒவ்வொன்றின் முடிவிலும் குரலைக் கீழே இறக்கிவைத்தாள். ஓட்டோ, முடிந்தது. ரைனோ, முடிந்தது. கார்டி, முடிந்தது. எண்களுக்கும் அதேதான். தனித்தனியாகக் கேட்டால் ஒரு குறையும் தெரியாது. கோத்துப் பார்த்தால்தான் ஒவ்வொரு துண்டிலும் ஆள் சொல்லி முடித்துவிட்டு எழுந்து போன மாதிரி இருக்கும். நடுவில் ஹெட்போன்காரர் ஒரு தடவை நிறுத்தினார். “எல்லாத்தையும் கடைசித் துண்டு மாதிரியே சொல்றீங்களே?” என்றார். “என் குரலே அப்படித்தான்” என்று அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். அவர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த துண்டுக்குப் போனார்.

அன்று வீட்டில் அவளுக்கு ஒரே குஷி. புருஷனுக்கு இரண்டு தடவை காப்பி. நல்லா பேசினியா என்று அவர் கேட்டார், குரல் நல்லா வந்துச்சா என்று கேட்டார், திரும்பவும் கேட்டார். ஏன் இத்தனை தடவை கேக்குறீங்க என்று அவள் முறைத்தபிறகுதான் விட்டார்.

சந்தோஷம் நெடுநாள் நிற்கவில்லை. ஒரு காலை நேரம், கூடம் நிறைய ஜனம், எண்ணைச் சொல்லி எலும்புப் பிரிவைச் சொல்ல வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை முயன்றாள். காற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தனை முகமும் அவளைப் பார்த்தன. முதலில் ஓடிவந்தவள் நாத்தனார்தான். அவள்தான் கையைப் பிடித்து, சுவர் தாண்டி, அந்த நீளப் பலகைக்குக் கீழே கூட்டிப்போனாள்.

டாக்டர் கேமரா விட்டுப் பார்த்தார். குரல் நாணில் ஒரு வளர்ச்சி, எடுத்தாக வேண்டும், இன்னும் முன்னமே வந்திருக்கலாம் என்றார். புருஷன் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து விசிலோடு ஓடிவந்து நின்றார். குரல் பழையபடி வருமா என்று அவர்தான் கேட்டார். குரல் வரும், ஆனால் அது பழைய குரலாகவே இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபோது அவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

“நான்தான் அந்த அம்மாகிட்டப் போய்ச் சொன்னேன். காலைல நீ கொப்பளிக்கிறது எனக்குத் தெரியாதா? டாக்டரைப் பாருன்னா என்னையும் சந்தேகப்படுவே. குரல் போறதுக்குள்ள அதையாவது எடுத்து வைங்கன்னு கெஞ்சினேன். அது இருந்தா, நீ திரும்பி வர்ற வரைக்கும் அந்த நாற்காலில வேற யாரையும் உக்கார வைக்க மாட்டேன்னாங்க.”

அவளுக்கு ஓவென்று அழவேண்டும் போலிருந்தது. அழக்கூடச் சத்தம் வரவில்லை. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவள், சந்தேகப்படவேண்டிய ஒரே ஆளை விட்டுவிட்டாள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் வாய் கெடுவதற்கு முன்னால் பதிவையும் வாயாலேயே கெடுத்துவைத்திருக்கிறாள். நிர்வாகி அம்மா மனதில் வேறு கணக்கு இருந்திருக்காது என்று நானும் சத்தியம் செய்யமாட்டேன். முக்காலி போனது பொய்யில்லையே. ஆனால் போய்க் கேட்டவர் புருஷன். அதுதான் அவளைக் குடைந்தது.

அறுவை சிகிச்சை நடந்தது. டாக்டர் சொல்லும்வரை ஒரு வார்த்தை பேசக்கூடாது, முணுமுணுக்கவும் கூடாது என்று கட்டளை. வீடு அமைதியாக இருந்தது. புருஷனுக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை, தானே அவளைப் போல “எதுக்கு? யார் சொன்னாங்க?” என்று கேட்டுக் காட்டிச் சிரிக்கவைக்கப் பார்த்தார்.

மறுபரிசோதனைக்கு வந்த அன்று டோக்கன் ஜன்னலில் நாத்தனார் சீட்டை நீட்டினாள். பேசாமல் இருந்த நாளையெல்லாம் அவள் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. “அண்ணி, முதல் தடவையிலயே எழுந்துடணும். இல்லன்னா மைக்கக்கா திட்டுவாங்க” என்றாள். இவள் அவள் விரலைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

கூடத்தில் புருஷனோடு உட்கார்ந்தாள். கண்ணாடி அறையில் நாற்காலி காலியாக இருந்தது. மணியொலி கேட்டது, பிறகு அவள் குரல் கேட்டது. நாற்பது. மூன்று. கார்டி. ஆலஜி. நாலு பேர் நாலு தனி வார்த்தை சொன்ன மாதிரி. நாற்பது என்று கேட்டதுமே ஒருவர் எழுந்தார், பிறகு உட்கார்ந்தார். ஒரு வயதான அம்மா தன்னைத்தான் கூப்பிட்டார்களா என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள். கூடம் முழுக்க ஒரே குழப்பம், எரிச்சல். அத்தனையும் தன் கைவேலை என்று அவளுக்குத் தெரியும். நோயாளிகளை எண்ணிப் பார்க்கவே இல்லையே அன்று.

தூண் பக்கத்தில் ஹெட்போன்காரர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். புருஷனுக்குப் பொறுக்கவில்லை. நேராகப் போய்விட்டார்.

“என்ன சார் இது? என் வீட்டுக்காரி குரல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? அவ கொடுத்ததை இப்படிக் கொத்திக் குதறி வெச்சிருக்கீங்களே.”

அவள் எழுந்து பின்னாலேயே போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பேச முடியாது. பேசினால் உண்மையைச் சொல்ல வேண்டும். ஹெட்போன்காரர் அவரைப் பார்க்கவில்லை, இவளைத்தான் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்திருக்கிறது. சொல்லிவிடப் போகிறார் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“மெஷின்லதான் கோளாறு சார்” என்றார் அவர். “அவங்க நல்லாத்தான் பேசினாங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் முழுசா எடுத்தோம். அதை நான் தொடவே இல்ல.”

அவர்கள் திரும்பி வந்து உட்காரும்போது மணியொலி கேட்டது. அவளுடைய எண்தான். ஐம்பது. இரண்டு. அதே வெட்டு, அதே துண்டு. அப்புறம் ஒரு கணம் கழித்து, ஓட்டோரைனோலாரிங்காலஜி. ஒன்பதும் ஒன்றையொன்று கை பிடித்துக்கொண்டு வந்தன. ‘கா’வில் ஊன்றி, ‘ஜி’யில் மெல்ல இறங்கியது. சளசளத்துக்கொண்டிருந்த கூடம் அந்த ஒரு சொல்லுக்கு அடங்கியது.

“இது நீ” என்றார் புருஷன். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. “எழுந்திரு, நம்மளைத்தான் கூப்பிடுறாங்க.”

அவள் அவர் முழங்கையைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தாள். இன்னொரு தடவை சொல்வாள் என்று அவளுக்குத் தெரியும், எப்போதும் இரண்டு தடவைதானே சொல்வாள். அதையும் கேட்டுவிட்டுத்தான் எழுந்தாள்.